பிக்கப் முன்பக்கம் லேசா இடிச்சிருச்சா? வீட்டு வாசல்லயே சரி பண்ற வழி

போன வருஷம் ஆடி மாசம், விடியக்காலை நாலரை மணி இருக்கும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல இருந்து தக்காளிப் பெட்டி ஏத்திட்டு தாராபுரம் ரோட்டுல போயிட்டு இருந்தேன். முன்னாடி சோளத்தட்டு ஏத்துன ஒரு டிராக்டர், டிரெய்லர்ல லைட்டும் கெடையாது, வெளிச்சம் பட்டா மின்னற சிவப்பு ஸ்டிக்கரும் கெடையாது, கண்ணுக்குத் தெரியறப்பவே பக்கத்துல வந்துட்டேன். பிரேக்க மிதிச்சு வலப்பக்கம் ஒடிச்சதுல ஸ்பீடு இருவதுக்கு இறங்கிருச்சு, ஆனாலும் இடதுபக்க முன்மூலை டிரெய்லர் மூலைல போய் இடிச்சிருச்சு. யாருக்கும் ஒரு கீறல் கூட இல்ல. வண்டிக்குத்தான் அடி: இடது ஹெட்லைட் போச்சு, கிரில் போச்சு, பானெட் மூக்கு மடங்கிருச்சு, ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேல மூடற தகடு) உள்ள போயிருச்சு, ரேடியேட்டரத் தாங்குற ஃபிரேம் ஒரு ரெண்டு இஞ்சு பின்னாடி தள்ளிருச்சு.

வண்டி பொலேரோ பிக்கப். ஒர்க்ஷாப்ல நாப்பத்தஞ்சாயிரம் சொன்னாங்க, பத்து நாள் ஆகும்னாங்க. எனக்கு டிங்கரிங் பட்டறை வச்சிருந்த மாமா ஒருத்தர் இருக்காரு, இப்ப வயசாயி பட்டறைய மூடிட்டாரு, அவர் பக்கத்துல கயித்துக்கட்டில்ல உக்காந்து சொல்லச்சொல்ல நானே ஆறு நாள்ல முடிச்சேன், 18,000 ரூபாய்க்குள்ள ஆச்சு. அவர் மொத நாளே சொன்ன ஒரு விஷயத்தத்தான் இந்தக் கட்டுரை முழுக்க சொல்லப் போறேன். "மாப்ள, கண்ணுக்குத் தெரியற அடிய கடைசில பாரு. தெரியாத அடிய மொதல்ல பாரு." புதுசா செய்யறவங்க எல்லாரும் நேரா பானெட்டத் தட்டி பட்டி போட்டு பெயின்ட் அடிக்க ஓடுவாங்க. வண்டி பளபளன்னு இருக்கும், ஆனா ஸ்டியரிங் ஒருபக்கம் இழுக்கும், என்ஜின் சூடாகும், ஓடுறப்ப பானெட் தெறந்துக்கும். அதுக்குப் பேரு ரிப்பேர் இல்ல.

ஸ்பேனர எடுக்கறதுக்கு முன்னாடி

யாருக்காவது அடி பட்டிருந்தா, இல்ல அடுத்தவங்க வண்டிக்கோ சொத்துக்கோ சேதம்னா, எதையும் கழட்டாதீங்க, போலீஸ், இன்சூரன்ஸ் ரெண்டு பக்கமும் தகவல் போகணும். நம்ம வண்டிக்கு மட்டும் அடின்னாலும் நாலு பக்கமும், அடியிலயும், போட்டோ எடுத்து வைங்க. கழட்டிட்டா அப்புறம் கிளெய்ம் பண்றது கஷ்டம், சர்வேயர் பாக்கணும்.

இங்க நெறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. காருக்கு எடுக்கற பாலிசியும் சரக்கு வண்டிக்கு எடுக்கற பாலிசியும் ஒண்ணில்ல. சரக்கு வண்டில ஐஎம்டி 23ன்னு ஒரு சேர்க்கை இருக்கு, அதுக்குத் தனியா பிரீமியம் கட்டியிருந்தாத்தான் லைட்டு, பம்பர், மட்கார்டு, பானெட், சைடு பார்ட்ஸ், அடிபட்ட எடத்து பெயின்ட் இதுக்கெல்லாம் கிளெய்ம் கிடைக்கும். கட்டலேன்னா, சின்ன இடில போறது முக்காவாசி இந்த பார்ட்ஸ்தான், ஒண்ணுமே வராது. நான் கட்டியிருக்கல, அது எனக்கு இடிச்சதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. உங்க பாலிசிய இன்னைக்கே எடுத்து அந்த நம்பர் இருக்கான்னு பாருங்க.

கட்டியிருந்தாலும் ஒரு கணக்குப் போடுங்க. கிளெய்ம் எடுக்காத வருஷத்துக்கெல்லாம் ஓன் டேமேஜ் (நம்ம வண்டி சேதத்துக்குக் கட்டற) பிரீமியத்துல 20, 25, 35, 45, 50 சதவீதம்னு போனஸ் ஏறும், ஒரு கிளெய்ம் எடுத்தா திரும்ப பூஜ்யம். உதாரணமா அந்தப் பிரீமியம் 12,000ன்னு வச்சுக்கிட்டா, 35 சதவீதத்துல இருக்கறவருக்கு வர்ற வருஷமே 4,200 போயிரும், அப்புறம் மறுபடி மொதல்ல இருந்து ஏறணும். கூடவே பிளாஸ்டிக், ரப்பர் பார்ட்ஸுக்குப் பாதி தேய்மானம் கழிப்பாங்க, நம்ம கைல இருந்து போடற தொகை வேற தனி. இதெல்லாம் கூட்டிப் பாத்துட்டு கிளெய்மா கைக்காசான்னு முடிவு பண்ணுங்க.

இது வீட்ல செய்யற வேலைதானா?

இத கண்டுபிடிக்க பெரிய மெஷின் வேண்டாம், ஒரு தூக்குக்குண்டு, சாக்பீஸ், டேப், கூட ஒரு ஆள். பிக்கப்புக்கு அடியில ஏணி மாதிரி ஒரு சேஸ் இருக்கு, அது வளைஞ்சிருந்தா நாம தொடக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. வண்டிய சிமென்ட் தரைல சமமா நிறுத்துங்க. சேஸ்ல இடது வலது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கற ஓட்டை ஏதாவது முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு தேர்ந்தெடுங்க. ஒவ்வொண்ணுல இருந்தும் தூக்குக்குண்ட விட்டு தரைல புள்ளி வைங்க. இப்ப வண்டிய நகத்திட்டு அந்த நாலு புள்ளிக்கும் குறுக்க மூலைக்கு மூலை அளங்க. ரெண்டு குறுக்கு அளவும் ஒண்ணா வரணும். நாலஞ்சு மில்லிக்கு மேல வித்தியாசம் வந்தா இன்னொரு தடவ நிதானமா அளங்க, அப்பவும் வந்தா சேஸ் சதுரம் போயிருச்சுன்னு அர்த்தம், சேஸ் இழுக்கற பெஞ்ச் இருக்கற பட்டறைக்குக் கொண்டு போயிருங்க.

அடுத்தது வீல். முன் சக்கரத்து நடுவுல இருந்து பின் சக்கரத்து நடு வரைக்கும், இடது பக்கம் எவ்ளோ, வலது பக்கம் எவ்ளோன்னு ஸ்டியரிங்க நேரா வச்சு அளங்க. கதவு ரெண்டும் முன்ன மாதிரியே சாத்துதா, கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல உள்ள இடைவெளி மேலயும் கீழயும் ஒரே மாதிரி இருக்கா. ஸ்டியரிங் ராட், டை ராட், பால் ஜாயின்ட் எதுலயாவது புதுசா பெயின்ட் உதிர்ந்த எடம், பளிச்சுன்னு தெரியற கோடு இருக்கா பாருங்க. வளைஞ்ச ராட நிமித்தி மாட்டறது வேண்டவே வேண்டாம், புதுசு வாங்குங்க. ஏர்பேக் இருக்கற வண்டின்னா அந்த ஒயர், சென்சார் பக்கமே கைய வைக்காதீங்க, மஞ்சள் கலர் ஒயர் உறைதான் அதுக்கு அடையாளம், அத அதுக்குத் தெரிஞ்சவங்க பாக்கணும்.

எனக்கு குறுக்களவுல ரெண்டு மில்லிதான் வித்தியாசம் வந்துச்சு. மாமா மூணு தடவ அளக்கச் சொன்னாரு, அப்புறந்தான் சரின்னு தலையாட்டுனாரு.

கழட்டறது

முந்தின நாள் சாயங்காலமே எல்லா போல்ட்டுக்கும் டபிள்யூடி 40 அடிச்சு விட்ருங்க, ராத்திரி பூரா ஊறட்டும். காலைல மொத வேலை பேட்டரி நெகட்டிவ் ஒயர கழட்டறது. பெரும்பாலும் 10, 12, 13, 14 நம்பர் ஸ்பேனரும் பாக்ஸ் செட்டும் இருந்தா முன்பக்கம் முழுக்க வந்துரும். துரு புடிச்ச போல்ட்ட வேகமா திருகி உடைச்சா அதுக்குப் பின்னாடி ஒரு அரை நாள் போயிரும், அதனால முன்னயும் பின்னயும் கொஞ்சங்கொஞ்சமா ஆட்டி எடுங்க.

கழட்டற போல்ட்ட எல்லாம் ஒரே டப்பால போடாதீங்க. கிரில்லுக்கு ஒரு கவர், ஃபெண்டருக்கு ஒரு கவர், கவர் மேல பேனால எழுதிருங்க. ஒயர் சாக்கெட் எங்க இருந்து எங்க போகுதுன்னு போன்ல போட்டோ. மாட்டற அன்னிக்கு இந்த பத்து நிமிஷ வேலை அரை நாள மிச்சம் பண்ணும், நெசமா சொல்றேன்.

வரிசை: கிரில், பம்பர், ஹெட்லைட், அப்புறம் பானெட்ட ரெண்டு பேரா சேந்து தூக்கணும் (கீல் இருந்த எடத்த கழட்டறதுக்கு முன்னாடியே மார்க்கர்ல கோடு போட்ருங்க), அப்புறம் ஃபெண்டர். ஏசி வண்டின்னா ரேடியேட்டருக்கு முன்னாடி இன்னொன்னு நிக்கும், அது கண்டென்சர், அதுல கேஸ் பிரஷர்ல இருக்கு, அந்தப் பைப்ப கழட்டிராதீங்க. அப்படியே ஒயர்ல கட்டி ஓரமா ஒதுக்கி வைங்க.

ரேடியேட்டரும் ஃபேனும்

என்ஜின் சூட்டோட மூடியத் தெறக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் வருஷா வருஷம் யாராவது மூஞ்சில சுட்டுக்கிட்டு வர்றாங்க. நல்லா ஆறட்டும்.

ஃபின்னு (டியூபுக்கு நடுவுல நெருக்கமா நிக்கற மெல்லிசு தகடு) மட்டும் மடங்கியிருந்தா மெல்லிசான தகட வச்சு ஒவ்வொண்ணா நிமித்திரலாம், பொறுமை வேணும், டியூப்ல குத்திராதீங்க. ஒழுகுதுன்னா, பழைய பித்தளை செம்பு ரேடியேட்டரா இருந்தா ரேடியேட்டர் கடைல சால்டர் வச்சுத் தருவாங்க. இப்ப வர்றது முக்காவாசி அலுமினியம், மேலயும் கீழயும் பிளாஸ்டிக் டேங்க், அதுல பிளாஸ்டிக் வெடிச்சிருந்தா புதுசுதான். எம்சீல் வச்சு ஒட்டி ஓட்டறவங்கள பாத்திருக்கேன், அது வெறும் தண்ணி நிக்கற வரைக்குந்தான் நிக்கும், பிரஷர் ஏறுனா விட்ரும், நடுவழில என்ஜின் சீஸ் ஆச்சுன்னா மிச்சம் பண்ண ரெண்டாயிரத்துக்கு அம்பதாயிரம் செலவு.

ஃபேன் இறக்கைல முடி மாதிரி ஒரு கீறல் இருந்தாக்கூட மாத்திருங்க. அது சுத்தற வேகத்துல ஒடைஞ்சு தெறிச்சா ரேடியேட்டரையும் கிழிக்கும், பானெட் தெறந்து நிக்கற ஆளையும் விடாது. கையால மெதுவா ஒரு சுத்து சுத்திப் பாருங்க, சுத்தி இருக்கற கூண்டுல எங்கயும் உரசக்கூடாது.

திரும்ப ஊத்தறப்ப கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. நம்ம பக்கத்து போர் தண்ணிய மட்டும் ஊத்திராதீங்க, வீட்டுக் கொழாய்லயே வெள்ளையா உப்பு படியற தண்ணி அது, ரேடியேட்டர் டியூபுக்குள்ள என்ன பண்ணும்னு நெனச்சுப் பாருங்க. ஊத்திட்டு மூடியத் தெறந்து வச்சபடியே, ஹீட்டர் இருந்தா அத சூடு பக்கம் திருப்பி, ஐடிலிங்ல ஓட விடுங்க, குமிழ் வர்றது நிக்கற வரைக்கும் லெவல் கொறையக் கொறைய ஊத்தணும். காத்து உள்ள மாட்டிக்கிச்சுன்னா லெவல் சரியா இருக்கற மாதிரி தெரியும், ஆனா என்ஜின் சூடாகும்.

இழுக்கறது

இதுதான் வேலைலயே பெரிய வேலை, பயப்படவும் வேண்டியது. ரேடியேட்டர் ஃபிரேம் பின்னாடி போயிருந்தா சுத்தியால அடிச்சு முன்னாடி கொண்டுவர முடியாது, இழுக்கத்தான் வேணும். எங்க வாசல்ல ஒரு பெரிய வேம்பு நிக்குது, அதுல சாக்கு சுத்தி, செயின் புல்லியோட ஒரு பக்கத்த கட்டுனோம், இன்னொரு பக்கம் ஃபிரேம்ல. பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை, ஹேண்ட் பிரேக், கியர்ல வேற.

மாமா சொன்ன விதி ரெண்டு. ஒண்ணு, அடி எந்த திசைல வந்துச்சோ அதுக்கு நேர் எதிரா இழுக்கணும். எனக்கு முன் எடது மூலைல இருந்து உள்பக்கமா அடி வந்துச்சு, அதனால நேரா முன்னாடி இல்ல, கொஞ்சம் எடது பக்கம் சாச்சு இழுத்தோம். ரெண்டாவது, கடைசியா மடங்குனத மொதல்ல எடுக்கணும். மொதல்ல இடிச்ச எடம் மூக்கு, அதுல இருந்து அடி உள்ள போயி கடைசியா மடங்குனது உள்பக்கத்து தாங்கு, அதனால இழுக்கறப்ப உள்தாங்க மொதல்ல கொண்டு வந்துட்டு மூக்குக்கு வரணும். மாத்தி செஞ்சா தகடு புதுசா ஒரு மடிப்பு எடுத்துக்கும், அது சென்மத்துக்கும் போகாது.

கொஞ்சம் இழுக்கணும், அந்த இழுவைலயே வச்சுக்கிட்டு மடிப்பு சுத்தி சின்ன சுத்தியால தட்டணும், அப்பத்தான் தகடு வெறப்பு விட்டு எறங்கும். இழுவைய விட்டா கொஞ்சம் பின்னாடி போகும், அதனால தேவைக்கு மேல ரெண்டு மூணு மில்லி கூடவே இழுத்துக்கணும். ஒவ்வொரு தடவையும் ரேடியேட்டர வச்சு போல்ட் ஓட்டை ஒக்காருதான்னு பாருங்க, கண்ணால அளக்காதீங்க.

செயின் மேல ஈரச் சாக்கு ரெண்டு போட்டு வைங்க, அறுந்துச்சுன்னா வீச்சு கொறையும். செயினுக்கு நேர்கோட்டுல ஒருத்தரும் நிக்கக்கூடாது, கொழந்தைங்கள வீட்டுக்குள்ள விட்டு கதவ சாத்திருங்க. இதுல சமரசமே கெடையாது.

எங்கயாவது வெல்டிங் வேணும்னா ரேடியேட்டர் ஃபிரேம், பிராக்கெட் வரைக்கும் வெல்டிங் பட்டறைல வச்சுக்கலாம். பேட்டரி ரெண்டு ஒயரும் கழட்டியிருக்கணும், வண்டில ஈசியூ (என்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) இருந்தா அந்த சாக்கெட்டும் கழட்டணும், எர்த் கிளாம்ப் வெல்டிங் பண்ற எடத்துக்குப் பக்கத்துலயே மாட்டணும். சேஸ் மேல வெல்டிங், ட்ரில்லிங் ரெண்டும் வேண்டாம், லோடு தாங்கற எரும்பு அது, சூடு பட்ட ஓரத்துலதான் பின்னாடி விரிசல் விடும்.

தட்டறது

ஃபெண்டர் போல்ட்ல நிக்கறது, கழட்டி மர ஸ்டூல் மேல வச்சு தட்டலாம். பின்பக்கம் டாலிக்கட்டைய (கைல புடிச்சு தாங்கு கொடுக்கற எரும்புக்கட்டை) வச்சு முன்பக்கம் சுத்தியால. புதுசா செய்யறவங்க பண்ற தப்பு, பள்ளத்தோட நடுவுல போட்டு ஓங்கி அடிக்கறது. அப்படி அடிச்சா நடுவுல தகடு நீண்டு கொப்பரை மாதிரி பொக்குன்னு நிக்கும், அமுக்குனா உள்ள போகும் விட்டா வெளிய வரும். பள்ளத்தோட ஓரத்துல ஒரு மேடு இருக்கும் பாருங்க, டாலிய பள்ளத்துக்குப் பின்னாடி வச்சு அமுக்கிக்கிட்டு சுத்தியால அந்த மேட்ட தட்டுங்க, ஓரத்துல இருந்து சுத்திச் சுத்தி நடுவுக்கு வாங்க. சின்ன அடி, நெறைய அடி. சத்தம் "டங்"னு வந்தா டாலி நேரா கீழ இருக்கு, "டொப்"னு வந்தா தள்ளி இருக்கு, ரெண்டு நாள்ல காது பழகிரும்.

பானெட் ரெண்டு அடுக்கு, உள் அடுக்குல இருக்கற ஓட்டை வழியா நெம்பித்தான் தள்ளணும். மூக்கு ரொம்ப மடங்கியிருந்தா நேரத்த வீணாக்காதீங்க, பழைய பானெட் வாங்கிருங்க. எனக்கு கோயமுத்தூர் உக்கடத்துல கெடச்சுது, சென்னைக்காரங்களுக்கு புதுப்பேட்டை இருக்கவே இருக்கு. போறப்ப பாக்கெட்ல ஒரு சின்ன காந்தம் கொண்டு போங்க. மேல பெயின்ட் பளபளன்னு இருக்கும், காந்தத்த ஓட விட்டா பட்டி தடிமனா போட்ட எடத்துல ஒட்டாது, அது ஏற்கெனவே நல்லா அடிவாங்குன பானெட். பில்லு இல்லாத பார்ட்ஸ வாங்காதீங்க, திருட்டு வண்டியோடதா இருந்தா வம்பு நமக்கு.

பானெட் மாட்டறப்ப பூட்டு விஷயத்துல ரெண்டு மடங்கு நேரம் செலவு பண்ணுங்க. பூட்டுக்கு ரெண்டு நிலை இருக்கு, உள்ள இருந்து லீவர இழுத்தா மொத நிலை விடும், கைய விட்டு தூக்கற கொக்கி ரெண்டாவது. அந்தக் கொக்கி தனியா பானெட்ட புடிச்சு நிறுத்துதான்னு பத்து தடவ சாத்தி சாத்தி பாருங்க. எம்பது கிலோமீட்டர் வேகத்துல பானெட் தெறந்து கண்ணாடிய மூடுனா ஓட்டறவருக்கு ரோடே தெரியாது.

பட்டியும் பெயின்ட்டும்

பட்டிங்கறது மில்லிக்கணக்குல மேடு பள்ளத்த சரிபண்றதுக்கு, டென்ட்ட மறைக்கறதுக்கு இல்ல. மூணு மில்லிக்கு மேல போகக்கூடாது. அதுக்கு மேல வேணும்னா திரும்பப் போயி தட்டுங்க. பெயின்ட்ட சுத்தமா உரிச்சு 80 நம்பர் எமரில எரும்பு தெரியற வரைக்கும் தேச்சு, துருவ முழுசா எடுத்துட்டு, எப்பாக்சி பிரைமர் ஒரு கோட் கொடுத்து, காஞ்சப்புறம் லேசா தேச்சுட்டு பட்டி. எலுமிச்சம்பழ அளவு பட்டிக்கு ஒரு பட்டாணி ஹார்டனர், எடைல பாத்தா ரெண்டு சதவீதம் கணக்கு. நம்ம வெயிலுக்கு பத்து நிமிஷத்துலயே இறுகிரும், அதனால கொஞ்சங்கொஞ்சமா கலக்குங்க. ஹார்டனர் ஜாஸ்தி போட்டா சீக்கிரம் காயும்னு போடாதீங்க, பின்னாடி பெயின்ட் மேல மஞ்சக் கறை வந்து நிக்கும்.

பட்டிய தண்ணி தொட்டு தேய்க்கக் கூடாது. அது தண்ணிய குடிச்சுக்கும், உள்ள துரு புடிச்சு ஆறு மாசத்துல கொப்பளம் வரும். 80, 180, 320னு காஞ்ச தேய்ப்பு, கட்டைல எமரிய சுத்தி தேயுங்க, வெறும் வெரலால தேச்சா வெரல் வெரலா பள்ளம் விழும். கண்ண மூடிட்டு உள்ளங்கைய ஓட்டிப் பாருங்க, கண்ண விட கை நல்லா சொல்லும். அப்புறம் சர்பேசர் பிரைமர், அது மேல கருப்பு பெயின்ட்ட தூரத்துல இருந்து லேசா தூவி விட்டு, 600 நம்பர் வாட்டர் பேப்பர்ல தேச்சா பள்ளம் இருக்கற எடத்துல மட்டும் கருப்பு நிக்கும். எங்க நிக்குதோ அங்க இன்னும் வேலை இருக்கு.

கடைசி பெயின்ட்ட நான் அடிக்கல, பெயின்டர் கிட்ட கொடுத்துட்டேன், அதுக்குக் காரணம் இருக்கு. இப்ப எல்லாரும் அடிக்கறது பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட், அதோட ஹார்டனர்ல ஐசோசயனேட்னு ஒரு கெமிக்கல், மூச்சுல போனா ஆஸ்துமா வரும், ஒருதடவ ஒத்துக்காம போச்சுன்னா வாழ்க்கை பூரா ஒத்துக்காது. துணியக் கட்டிக்கிட்டு அடிக்கறது தடுப்பே இல்ல. ஃபெண்டர், பானெட் ரெண்டையும் கழட்டுனபடியே கொண்டு போயி கொடுத்தா பெயின்டருக்கும் மாஸ்கிங் வேலை மிச்சம், கூலி கொறையும். நீங்களேதான் அடிக்கணும்னா என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடிங்க, மினுக்கம் சீக்கிரம் போயிரும், வெயில்ல வெளிறும், ஆனா கொஞ்சம் பழகலாம், அதுக்கும் நல்ல பில்டர் மாஸ்க் வேணும், வெளிக்காத்து வேணும். ஸ்ப்ரே கன்ன ஒரு ஜாண் தூரத்துல வச்சு மெல்லிசா மூணு கோட், கோட்டுக்கு நடுவுல பத்து நிமிஷம். எங்க ஊர்ல ஆடி ஆவணில பாலக்காட்டு கணவாய் காத்து மண்ணள்ளிப் போடும், அந்த மாசத்துல வெளிய பெயின்ட் வேலையே வேண்டாம், மழை ஈரத்துலயும் பெயின்ட் பால் மாதிரி வெளுத்துரும். வெள்ளை வண்டிதானேன்னு ஏதோ ஒரு வெள்ளைய வாங்காதீங்க, பெயின்ட் கோட் பாத்து வாங்குங்க, வெள்ளைல நூறு வெள்ளை இருக்கு.

கழட்டுனது கழட்டியாச்சு, இப்பவே செஞ்சுக்க வேண்டியது

முன்பக்கம் முழுக்க தெறந்து கெடக்கறப்ப செய்யற வேலைக்கு கூலி மிச்சம். எனக்கு இடிச்சதுக்கு முக்கியமான காரணம் வெளிச்சம் பத்தல. பெரும்பாலான பிக்கப்ல எச்4 பல்பு, 60/55 வாட். அந்த பல்பு மோசம் இல்ல, அதுக்குப் போற கரண்ட்டுதான் மோசம். பேட்டரில இருந்து கிளம்பி டேஷ்போர்டு ஸ்விட்ச் எல்லாம் சுத்திட்டு மெல்லிசு ஒயர்ல வர்றதுக்குள்ள ஒரு வோல்ட்டுக்கு மேல கூட கொறைஞ்சு போயிருது. அதுக்கு ரிலே போடணும். லோ பீமுக்கு ஒண்ணு, ஹை பீமுக்கு ஒண்ணு. ரிலே காலுல நம்பர் இருக்கும்: 30ல பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து 15 ஆம்ப் ஃபியூஸ் வழியா 2.5 ஸ்கொயர் ஒயர், 87ல இருந்து ரெண்டு பல்புக்கும், 86க்கு பழைய ஹெட்லைட் சாக்கெட்ல வர்ற சிக்னல், 85 பாடி எர்த். ரெண்டு 60 வாட் பல்பு 12 வோல்ட்டுல 10 ஆம்ப் இழுக்கும், அதான் 15 ஃபியூஸ். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும், நடுவுல ஒயர் உரசி ஷார்ட் ஆனா அதுதான் வண்டிய எரியாம காப்பாத்தும். சில வண்டில ஸ்விட்ச் எர்த் பக்கம் இருக்கும், டெஸ்ட் லாம்ப் வச்சுப் பாத்துட்டு இறங்குங்க.

100/90 பல்பு போடாதீங்க, சாக்கெட் உருகும். கடைல விக்கற எல்இடி பல்ப எச்4 கூட்டுக்குள்ள திணிக்காதீங்க, வெளிச்சம் சிதறி எதிர்ல வர்றவங்க கண்ண கூசும், பைக்ல வர்ற மனுசன் அந்த ரெண்டு செகண்ட்ல எங்க போவான்.

ஹெட்லைட் மாட்டுனதும் அலைன் பண்ணணும். சமதரைல சுவத்துல இருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்க. பல்போட நடு தரைல இருந்து எவ்ளோ உயரம்னு அளந்து சுவத்துல கோடு போடுங்க, லோ பீமோட மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழ விழணும். லோடு ஏத்துனா பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும், லைட்டும் மேல போகும், டேஷ்போர்டுல லெவல் திருகு இருந்தா லோடு அன்னிக்கு அத இறக்கிக்கங்க.

முன்னாடி எரும்புக் கம்பி பம்பர் போடுன்னு ஊர்ல பத்து பேர் சொன்னாங்க. போடல. 2017 டிசம்பர்லயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அத எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிருச்சு, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுல வர்ற விஷயம். சட்டத்த விடுங்க, அந்தக் கம்பி நேரா சேஸ்ல நிக்குது, மடங்க வேண்டிய தகடு மடங்காம அடி மொத்தமும் சேஸுக்கும் நமக்கும் வரும், ரோட்டுல நடந்து போறவர் மேல பட்டா அவர் கால் என்ன ஆகும்.

பின்னாடி ஸ்பிரிங்குக்கு எக்ஸ்ட்ரா பிளேட் போடறதும் அதே மாதிரி யோசிச்சுப் பண்ண வேண்டியது. சில பிக்கப்ல பின் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவுல ஒரு சின்ன ராட் போகும், அதுதான் லோடு எவ்ளோன்னு பாத்து பின் பிரேக்குக்கு பிரஷர் கொடுக்கற வால்வு. லோடு ஏறி சேஸ் அமுங்குனாத்தான் அது பிரஷர கூட்டும். பிளேட் சேத்து பின்பக்கத்த தூக்கிட்டீங்கன்னா, ரெண்டு டன் ஏத்தியிருந்தாலும் வண்டி காலின்னு அது நெனச்சுக்கும், பின் பிரேக் கொறைஞ்சுரும். வண்டி லோட தாங்குது, ஆனா நிக்காது. அந்த ராட சரியா செட் பண்ணத் தெரிஞ்ச மெக்கானிக் இல்லாம பிளேட் போடாதீங்க, ஆர்சில இருக்கற எடைக்கு மேல ஏத்தவும் வேண்டாம். நான் அதுக்குப் பதிலா பிரேக் லைனரும் பிரேக் ஆயிலும் மாத்துனேன்.

வெளிய எடுக்கறது

மொத நாள் காலி வண்டி, ஊருக்குள்ள, மெதுவா. கைய லேசா வச்சு ஸ்டியரிங் எந்தப் பக்கமாவது இழுக்குதா, பிரேக் போட்டா நேரா நிக்குதா, டெம்பரேச்சர் முள்ளு எங்க நிக்குது. அன்னிக்கே வீல் அலைன்மென்ட், அந்தப் பிரிண்ட்ட வாங்கி வண்டியோட வைங்க. அடுத்த நாள் பாதி லோடு. மூணாவது நாள்தான் முழுசு. 500 கிலோமீட்டர் ஓடுனப்புறம் கழட்டி மாட்டுன எல்லா போல்ட்டையும் ஒருதடவ ஸ்பேனர் வச்சுப் பாருங்க, எனக்கு ஃபெண்டர்ல ரெண்டு, ரேடியேட்டர் பிராக்கெட்ல ஒண்ணு லூஸா இருந்துச்சு.

கடைசியா ஸ்டிக்கர். முன்னாடி வெள்ளை, பக்கவாட்டுல மஞ்சள், பின்னாடி சிவப்பு, எஃப்சிக்கு (வண்டித் தகுதிச் சான்று) போறப்ப எப்படியும் கேப்பாங்க, வண்டி எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, அதுக்கு மேல வருஷா வருஷம். ஏஐஎஸ் 090ங்கற இந்தியத் தர முத்திரை இருக்கற டேப்பா பாத்து வாங்குங்க, முத்திரை இல்லாதது ஆறே மாசத்துல வெளுத்துரும். ஒட்டறதுக்கு முன்னாடி தின்னர் தொட்டு தொடச்சுட்டு, வெயில்ல தகடு லேசா சூடா இருக்கறப்ப ஒட்டுனா நல்லா புடிக்கும். எனக்கு சிவப்புல ஒன்றரை மீட்டர் மிச்சம் ஆச்சு. அத எடுத்துக்கிட்டு அடுத்த தோட்டத்து அண்ணன் வீட்டுக்குப் போயி, அவரு டிராக்டர் டிரெய்லர் பின்பலகைய தொடச்சு, ரெண்டு மூலைலயும் நடுவுலயும் ஒட்டிட்டு வந்தேன்.